ஷட் டவுன் கொடுத்தும் லேப்டாப் அணையலையா?

ராசிபுரத்தில் அத்தை வீட்டுக் கோழிப்பண்ணைக் கணக்கெல்லாம், அவர் மகன் படிக்கும்போது கிடைத்த அரசு இலவச லேப்டாப்பில்தான். 2011-ல் தொடங்கிய திட்டம் அது. ஆரம்பத்தில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன.

அதில் விண்டோஸ் 10 ஏற்றிய அன்றே வைஃபை காணோம். ஷட் டவுன் கொடுத்தால் திரை இருண்டுவிடும், ஃபேன் மட்டும் ஓடும். அத்தை தினமும் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தே அணைத்தார். ஒருநாள் முட்டைக் கணக்கு ஃபைல் திறக்கவே இல்லை.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி இருந்தால் டிரைவர் கோளாறு. நெட்டே இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது? போனை கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் ஆன் செய்யுங்கள். பெரும்பாலும் வந்துவிடும். பிறகு விண்டோஸ் அப்டேட், அதிலும் கிடைக்காததை லேப்டாப் கம்பெனியின் தளத்தில் மாடல் எண் போட்டு எடுக்கலாம். 'டிரைவர் அப்டேட்டர்' விளம்பரங்கள் பக்கமே போகாதீர்கள்!

அணையாததற்குப் பல நேரம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் காரணம். விண்டோஸ் 8-லிருந்து ஷட் டவுன் என்பதே அரைத்தூக்கம் மாதிரி. அடுத்த முறை சீக்கிரம் எழ, சிஸ்டத்தின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்ளும். பழைய டிரைவர்கள் இதில் திணறும். ஷிஃப்ட்டை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்துப் பாருங்கள். அணைந்தால், கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டனுக்கான பகுதியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். அப்படியும் அடம்பிடித்தால் சிப்செட் டிரைவரைக் கவனிக்க வேண்டும்.

அத்தையின் லேப்டாப் இப்போது ஒழுங்காக அணைகிறது. முட்டைக் கணக்கைத்தான் பழைய நோட்டைப் பார்த்து மறுபடி ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.