டீசல் காரில் திரும்பத் திரும்ப வரும் இஜிஆர் கோளாறு: வால்வை மாற்றியும் தீராதது ஏன்? என்ன செய்யலாம்?

"இஜிஆர் வால்வு போயிடுச்சு சார், மாத்தணும்." டீசல் கார் வைத்திருக்கும் பலர் வொர்க்‌ஷாப்பில் கேட்டிருக்கும் வார்த்தை இது. பல ஆயிரம் ரூபாய் செலவு செய்து மாற்றினால், சில மாதங்கள் வண்டி நன்றாக ஓடும். அப்புறம் அதே 'செக் இன்ஜின்' லைட், அதே கரும்புகை, மறுபடியும் அதே வால்வு.

புது வால்வே இவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போகிறது என்றால், கோளாறு உண்மையில் வால்வில்தான் இருக்கிறதா? பெரும்பாலான நேரங்களில் இல்லை. கரி அதிகமாக உருவாகக் காரணமான கோளாறு வேறு எங்கோ இருக்கும். அதைச் சரி செய்யாமல் வால்வை மட்டும் மாற்றினால், புது வால்வும் பழைய வால்வின் கதிக்கே போகும்.

இஜிஆர் என்றால் என்ன?

இன்ஜினில் எரிந்து வெளியேறும் புகையில் ஒரு பகுதியைத் திரும்பவும் இன்ஜினுக்குள்ளேயே அனுப்பும் அமைப்புதான் இஜிஆர். எவ்வளவு புகை உள்ளே போக வேண்டும் என்பதை ஒரு வால்வு திறந்து மூடிக் கட்டுப்படுத்துகிறது. அந்த வால்வுக்கு உத்தரவு கொடுப்பது ஈசியு எனப்படும் வண்டியின் கம்ப்யூட்டர்.

வெளியே போக வேண்டிய புகையை எதற்குத் திரும்ப உள்ளே விட வேண்டும்? காற்றில் சுமார் 78 சதவீதம் நைட்ரஜன்தான். சாதாரண வெப்பத்தில் அது ஆக்சிஜனோடு சேராது. ஆனால் சிலிண்டருக்குள் டீசல் எரியும்போது வெப்பம் மிக அதிகமானால், இரண்டும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாக மாறிவிடும். ஏற்கனவே எரிந்த புகையில் ஆக்சிஜன் குறைவு. அதைக் கொஞ்சம் கலந்து விட்டால் எரியும் வெப்பம் குறைகிறது, நைட்ரஜன் ஆக்சைடும் குறைகிறது.

இந்த வாயுதான் மூச்சுக்குழாயை எரிச்சலாக்கி ஆஸ்துமா உள்ளவர்களை வாட்டுவது. காற்றில் ஓசோனும் நுண்துகள்களும் உருவாவதற்கும் இது ஒரு காரணம். அதனால்தான் அரசின் விதிகள் கடுமையாகிக்கொண்டே வருகின்றன. பிஎஸ்-4 விதியில் ஒரு டீசல் கார் கிலோமீட்டருக்கு 0.25 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு வெளியிடலாம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் அமலுக்கு வந்த பிஎஸ்-6 விதியில் அது 0.08 கிராம்தான்.

வால்வு ஏன் அடைத்துக்கொள்கிறது?

டீசல் புகையில் கரித்துகள் இருக்கும். இன்ஜினின் அடிப்பகுதியில் இருந்து வரும் ஆயில் ஆவியும் காற்று உள்ளே போகும் பாதைக்குத்தான் திருப்பி விடப்படுகிறது. கரியும் ஆயிலும் சேர்ந்தால் தார் மாதிரி பிசுபிசுப்பாகி, வால்வு, குழாய், இன்டேக் மேனிஃபோல்டு எல்லாவற்றிலும் படியும். நாளாக ஆக வால்வு முழுதாகத் திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் சிக்கிக்கொள்ளும்.

இதில் ஓட்டும் முறைக்கும் பெரிய பங்கு உண்டு. முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து ஓட்டும்போது இஜிஆர் பெரும்பாலும் மூடியிருக்கும். மெதுவாக, குறைந்த லோடில் ஓடும்போதுதான் அதிகமாகத் திறந்திருக்கும். ஓ.எம்.ஆர் டிராஃபிக்கில் தினமும் ஊர்ந்து போகும் காரிலும், ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டு நிற்கும் காரிலும் வால்வு சீக்கிரம் அடைப்பதற்கு இதுதான் காரணம்.

அறிகுறிகள் என்னென்ன?

வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டால் ஓட்டுபவருக்கு உடனே தெரியும். கரும்புகை வரும், வண்டி இழுக்காது, நின்ற இடத்தில் இன்ஜின் குலுங்கும், சில நேரம் ஆஃப் ஆகிவிடும். கம்ப்யூட்டர் வேகத்தைக் குறைத்து வண்டியை 'லிம்ப் மோடு'க்குக் கொண்டு போகவும் வாய்ப்பு உண்டு.

மூடியபடி சிக்கிக்கொண்டால் பல நேரங்களில் எதுவுமே தெரியாது. வண்டி நல்லா தானே ஓடுது என்று தோன்றும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு அதிகமாக வெளியே போய்க்கொண்டிருக்கும். செக் இன்ஜின் லைட் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

ஸ்கேனரில் வரும் கோடு சொல்வது என்ன?

ஸ்கேனரில் 'இஜிஆர்' என்று வந்தாலே வால்வை மாற்ற வேண்டும் என்று அர்த்தமில்லை. எந்தக் கோடு என்பது முக்கியம்.

* பி0401: புகை போதுமான அளவு உள்ளே போகவில்லை.
* பி0402: தேவைக்கு அதிகமாகப் போகிறது.
* பி0403: வால்வுக்குப் போகும் மின்சுற்றில் கோளாறு.
* பி0404: வால்வு உத்தரவுப்படி அசையவில்லை.

பி0403 வந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டியது வயரும் கனெக்டரும்தான். கரியைச் சுத்தம் செய்வதால் அந்தக் கோடு போகாது.

பி0401 இன்னும் தந்திரமானது. பல கார்களில் புகை எவ்வளவு உள்ளே போகிறது என்பதைக் கம்ப்யூட்டர் நேரடியாக அளப்பதில்லை. வெளியில் இருந்து வரும் சுத்தமான காற்றை மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் அளக்கும். வால்வு திறந்ததும் அந்த அளவு குறைந்தால், புகை உள்ளே போகிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக்கொள்ளும். அந்த சென்சாரில் தூசி படிந்திருந்தால் கணக்கே தப்பாகிவிடும். நல்லா இருக்கிற வால்வு மேல் பழி விழுவது இப்படித்தான்.

மாற்றிய பிறகும் திரும்ப வருவது ஏன்?

வால்வு இரண்டாவது முறையாக அடைத்துக்கொண்டது என்றால், மெக்கானிக் பார்க்க வேண்டிய இடங்கள் இவை:

* இன்ஜெக்டர்: டீசலைச் சரியாகத் தெளிக்காமல் சொட்டவிட்டால், அது முழுதாக எரியாமல் கரியாகும்.
* டர்போ குழாய்: வெடிப்போ லூஸான கிளாம்ப்போ இருந்தால் காற்று கசியும். காற்று குறைந்தால் கரி கூடும்.
* டர்போ சீல்: தேய்ந்திருந்தால் ஆயில் இன்டேக் பக்கம் வரும், கரி இன்னும் கெட்டியாக ஒட்டும்.
* தெர்மோஸ்டாட்: திறந்தபடியே நின்றுவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராது. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.
* டிபிஎஃப்: சைலன்சர் பாதையில் உள்ள கரி ஃபில்டர் அடைத்திருந்தால் புகை சரியாக வெளியேறாது.
* ஏர் ஃபில்டர், இன்ஜின் ஆயில்: டிபிஎஃப் உள்ள காரில் கம்பெனி புத்தகத்தில் சொல்லியிருக்கும் கிரேடு ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும்.

சுத்தம் செய்தால் போதுமா, மாற்ற வேண்டுமா?

வால்வின் மோட்டாரும் சென்சாரும் நன்றாக இருந்து, கரி மட்டும்தான் பிரச்னை என்றால், கழற்றிச் சுத்தம் செய்வதே போதும். மோட்டார் இருக்கும் பக்கத்தை கெமிக்கலில் ஊற வைக்கக் கூடாது. திரும்ப மாட்டும்போது புது கேஸ்கெட் போட வேண்டும். வால்வை மட்டும் துடைத்துவிட்டு, பின்னால் கரி அப்பிய இன்டேக் மேனிஃபோல்டை அப்படியே விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

மோட்டார் எரிந்திருந்தாலோ, உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருந்தாலோ மாற்றித்தான் ஆக வேண்டும். எதுவானாலும், வேலை முடிந்ததும் வால்வின் திறந்த நிலையையும் மூடிய நிலையையும் கம்ப்யூட்டருக்கு ஸ்கேனர் மூலம் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய கார்கள் உண்டு. இந்த 'அடாப்டேஷன்' வேலையைத் தவிர்த்துவிட்டால், புது வால்விலும் சில நாட்களில் பழைய லைட் எரியும்.

பிளேட் போட்டு அடைத்துவிடலாமா?

"ஒரு பிளேட் போட்டு அடைச்சிடலாம், அப்புறம் தொல்லையே இல்ல" என்ற யோசனையும் வொர்க்‌ஷாப்களில் கிடைக்கும். சாஃப்ட்வேரில் இஜிஆரையே அணைத்துவிடுவதும் நடக்கிறது. கரி அடைப்பு நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் வண்டி ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கூடுதல் நைட்ரஜன் ஆக்சைடு தெருவில் இருப்பவர்களின் மூக்குக்குப் போகும்.

புகைச் சான்றிதழ் எடுக்கும் இடத்தில் இது மாட்டாது. டீசல் கார்களுக்கு அங்கே பார்ப்பது புகையின் அடர்த்தியை மட்டும்தான், நைட்ரஜன் ஆக்சைடை அல்ல. ஆனால் சான்றிதழ் கிடைப்பதால் அது சட்டப்படி சரியாகிவிடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி, காற்று மாசு விதியை மீறும் வண்டியை ஓட்டினால் முதல் முறை 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். லைசென்ஸுக்கும் 3 மாதம் தகுதி இழப்பு உண்டு. அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு 182ஏ(4) பிரிவில் 6 மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது இரண்டும் உண்டு. வண்டி வாரண்டியில் இருந்தால் அதுவும் கேள்விக்குறிதான்.

கூலண்ட் குறைந்தால் அலட்சியம் வேண்டாம்

உள்ளே அனுப்பும் சூடான புகையைக் குளிர வைக்க இஜிஆர் கூலர் என்ற பாகம் இருக்கிறது. அதற்குள் இன்ஜின் கூலண்ட்தான் ஓடும். அது விரிசல் விட்டால் கூலண்ட் புகைப் பாதைக்குள் கசியும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை 2018-ல் தென் கொரியா பார்த்தது. அங்கே பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்து தீப்பிடித்து எரிந்தன. கூலரில் இருந்து கசிந்த கூலண்டும் கரியும் சேர்ந்து படிந்து, அதிக சூட்டில் பற்றிக்கொண்டது தெரியவந்தது. சுமார் 1 லட்சத்து 6 ஆயிரம் கார்களை நிறுவனம் திரும்ப அழைத்தது. சோதனை முடிக்காத கார்களை ஓட்டவே அந்நாட்டு அரசு தடை போட்டது.

எனவே வெளியே கசிவு எதுவும் தெரியாமல் கூலண்ட் மட்டும் குறைந்துகொண்டே வந்தால், ஊற்றி ஊற்றி ஓட்டாமல் இஜிஆர் கூலரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கார் உரிமையாளர்கள் செய்ய வேண்டியது

வாரம் ஒரு முறையாவது இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, 20 முதல் 30 நிமிடம் நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட்டுங்கள். லைட் எரிந்த நிலையில் இதைச் செய்ய வேண்டாம், முதலில் சோதனை அவசியம். தினமும் 2, 3 கிலோமீட்டர் மட்டுமே ஓட்டுபவர்கள் டீசல் கார் வாங்கும் முன்பே யோசிப்பது நல்லது.

வொர்க்‌ஷாப்பில் லைட்டை அணைப்பதற்கு முன் கோடு நம்பரைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் கோளாறை எழுதச் சொல்லி, பில், கிலோமீட்டர், தேதியைப் பத்திரப்படுத்துங்கள். "ஏன் அடைச்சுது?" என்ற கேள்விக்குப் பதில் வராமல் இரண்டாவது வால்வுக்குச் சம்மதிக்காதீர்கள்.

வாரண்டி காலத்திலேயே அதே கோளாறு திரும்பத் திரும்ப வந்தால், நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் அனுப்புங்கள். தீர்வு இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக, வழக்குக்கான காரணம் எழுந்ததில் இருந்து 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஒரே மாடலில் பலருக்கும் இதே கோளாறு என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி அந்த வண்டிகளைத் திரும்ப அழைக்க அரசு உத்தரவிட முடியும். போதுமான உரிமையாளர்கள் புகார் செய்வது அதற்கான வழிகளில் ஒன்று. அதற்கும் கையில் இருக்க வேண்டியது அந்த ஜாப் கார்டுகள்தான்.