ஆய்வேடும் ஓர் அமானிதமே

மருத்துவ மேற்படிப்புப் பயிலும் நம் பிள்ளைகளிடம் ஆய்வேடு பற்றி வினவினால், தேர்வுக்கு முன் ஒப்படைத்தாக வேண்டிய ஒரு சடங்கு என்றே பலர் கருதுவது புலனாகும். இக்கருத்து திருத்தப்பட வேண்டும்.

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986இல் தோன்றியது. நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பெற்றது. இரண்டும் சென்னையிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. எம்.பி.பி.எஸ். முடித்தோர் முதுநிலை நீட் தேர்வின் வழியே எம்.டி., எம்.எஸ். பட்டப் படிப்புகளில் சேர்கின்றனர். மூன்றாண்டுக் காலமான அப்படிப்புகளில் சிகிச்சைப் பயிற்சியே முதன்மை. எனினும் ஆய்வேடு கட்டாயமாகும். பிஎச்.டி. பட்டமோ முழுவதும் ஆய்வுக்கே உரியது. முன்னது தேர்ந்த மருத்துவரைத் தருவது. பின்னது புதிய அறிவைத் தர வேண்டுவது.

ஓர் ஆய்வேட்டால் என்ன விளையும்? எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்தத்தாவீ, ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்திற்காகப் பயின்றார். இப்னு சீனாவின் 'கானூன்' நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு இப்னு நஃபீஸ் (மறைவு 1288) எழுதிய விரிவுரையின் கையெழுத்துப் படியை அவர் பெர்லினில் ஆராய்ந்தார். இதயத்தின் வலது அறையிலிருந்து இடது அறைக்கு இரத்தம் நடுச்சுவரின் கண்காணாத் துளைகள் வழியே செல்கிறது என்பது காலன் காலத்திலிருந்து நிலவிய கொள்கை. அச்சுவரில் துளையே இல்லை, இரத்தம் நுரையீரல் வழியே செல்கிறது என இப்னு நஃபீஸ் மறுத்துரைத்திருந்தார். வில்லியம் ஹார்வியின் நூல் வெளிவந்ததோ 1628இல்தான். அத்தத்தாவீயின் 1924ஆம் ஆண்டு ஆய்வேடு மருத்துவ வரலாற்றையே திருத்தி எழுத வைத்தது. அரபியும் மருத்துவமும் ஒருவரிடம் கூடியதன் பயன் இது.

நம் வட்டாரத்திலும் வினாக்களுக்குக் குறைவில்லை. இரவெல்லாம் லாரி ஓட்டும் நாமக்கல் ஓட்டுநரின் உறக்கமின்மை அவரது இரத்த அழுத்தத்தை என்ன செய்கிறது? சேலத்து வெள்ளைக்கல் சுரங்கத் தூசி தொழிலாளியின் நுரையீரலை எவ்வாறு பாதிக்கிறது? இத்தகைய வினாக்களுக்கு இங்குள்ள மாணவரே விடை தேட வேண்டும்.

ஆய்வைத் தொடங்குமுன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், நோயாளிக்கு விளக்கிக் கூறிப் பெறும் இசைவும் இன்றியமையாதவை. அதன்பின் எழுதப்படும் ஒவ்வோர் எண்ணும் உண்மையாதல் வேண்டும். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் ஒருவர் பொய்யர் எனத் தெரிந்தால் முஹத்திஸ்கள் அவர் அறிவிப்பையே தள்ளினர். அளக்காத அளவை எழுதுவதும், பிறர் ஆய்வைத் தனதென்று சேர்ப்பதும் அத்தகைய பொய்யே. அதனை நம்பி நாளை ஒரு மருத்துவர் மருந்தளவை முடிவு செய்யக்கூடும். இழப்பு ஓர் உயிராகவும் இருக்கலாம்.

ஆகவே ஆய்வேட்டை அமானிதமாகக் கருதி எழுதுக. அல்லாஹ் அதில் பரக்கத் செய்வானாக!