நெடுநாள் உழைக்கும் மடிக்கணினி

பிழைப்பைத் தேடி மும்பைக்கும் டெல்லிக்கும் பெங்களூருக்கும் வந்து குடியேறிய நம் சபைக் குடும்பங்களுக்கு இன்று மடிக்கணினி ஆடம்பரப் பொருள் அல்ல. பிள்ளைகளின் படிப்பு, வேலைக்கான விண்ணப்பம், ஊரிலிருக்கும் பெற்றோரின் முகம் பார்த்துப் பேசுதல் ஆகிய யாவும் அதன் வழியே நடைபெறுகின்றன. ஆயினும், ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கும் இப்பொருளைப் பல வேளைகளில் விளம்பரத்தைப் பார்த்து மாத்திரமே வாங்கிவிடுகிறோம்.

2020ஆம் ஆண்டு பள்ளிகள் அடைக்கப்பட்டிருந்த நாட்களில், எங்கள் சபைச் சகோதரர் ஒருவர் தம் மகளுக்காக மலிவான மடிக்கணினி ஒன்றைத் தவணை முறையில் வாங்கினார். அதில் 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பகமும் மாத்திரமே இருந்தன. ஓராண்டுக்குள் சேமிப்பகம் நிறைந்து, விண்டோஸ் புதுப்பிப்புகளுக்கும் இடமில்லாமற்போயிற்று. பழுது பார்ப்பவரோ, இரண்டும் உள்ளிருக்கும் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் மாற்ற இயலாது என்று கைவிரித்துவிட்டார். கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாளன்று, மகள் இணைய மையத்தின் வாசலில் வரிசையில் நின்றாள். தவணையோ இன்னும் ஆறு மாதம் மீதியிருந்தது. "பொருள் போய்விட்டது, பாஸ்டர், கடன் மாத்திரம் நிற்கிறது" என்று அவர் ஜெபக்கூட்டத்தில் கண்கலங்கினார்.

கோபுரம் கட்டுகிறவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்கிடுவதைக் குறித்து நம் ஆண்டவர் லூக்கா 14ஆம் அதிகாரத்தில் போதித்தார். கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் அல்ல. அது நல்ல உக்கிராணக்காரனின் கடமை.

விலையை ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள்

25,000 ரூபாய்க்கு வாங்கிய கருவி இரண்டரை ஆண்டுகளில் பயனற்றுப்போனால், ஆண்டுக்கு 10,000 ரூபாய் செலவு. 48,000 ரூபாய்க்கு வாங்கியது எட்டு ஆண்டுகள் உழைத்தால், ஆண்டுக்கு 6,000 ரூபாய்தான். மலிவானது எப்போதும் சிக்கனமானது அல்ல.

கடையில் கேட்க வேண்டியவை

நினைவகம் 8 ஜிபிக்குக் குறையலாகாது. பல ஆண்டுகள் பயன்படுத்த 16 ஜிபி நலம். பின்னர் கூட்டிக்கொள்ள உள்ளே இடம் உண்டா என்று கேளுங்கள். சேமிப்பகம் சுழலும் வட்டாக இல்லாமல் எஸ்எஸ்டி வகையாக, 512 ஜிபி அளவில் இருத்தல் நல்லது. மின்கலம் நாளடைவில் தேய்ந்தே தீரும். ஆகையால் அதை மாற்ற முடியுமா, பழுதுபார்க்கும் நிலையம் உங்கள் நகரில் உண்டா என்று விசாரியுங்கள். மூடியைப் பலமுறை திறந்து மூடிக் கீல்களின் உறுதியைச் சோதியுங்கள். ஜிஎஸ்டி ரசீதில் கருவியின் வரிசை எண் எழுதப்பட்டிருக்கட்டும். விற்பவர் ஏமாற்றினால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

பயன்படுத்தியதை வாங்கலாமா?

டெல்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூர் எஸ்.பி. ரோடு ஆகிய இடங்களில், அலுவலகங்களில் பயன்பட்டுச் செப்பனிடப்பட்ட மடிக்கணினிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அலுவலகத்திற்கென்று செய்யப்பட்ட திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக் போன்றவை பெரும்பாலும் உறுதியானவை. ஆனால் ஒன்றை மறவாதிருங்கள்: விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும், இன்டெல் வகையாயின் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும் வேண்டும். இதைப் பார்க்காமல் வாங்கினால், மலிவாகக் கிடைத்தது மறுநாளே பழையதாகிவிடும். மின்கலம் எவ்வளவு தேய்ந்துள்ளது என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

வாங்கியதைப் பேணுங்கள்

ஒற்றை அறையில் சமையலும் படுக்கையும் படிப்பும் நடக்கும் வீடுகளில், எண்ணெய்ப் புகையும் தூசியும் கணினியின் காற்றுத் துளைகளை அடைத்துவிடும். மெத்தையின் மேல் வைத்து இயக்காமல், பலகையின் மேல் வையுங்கள். வசதியுள்ள கருவிகளில், மின்னேற்றம் 80 சதவீதத்தில் நிற்கும்படி அமைத்தால் மின்கலத்தின் ஆயுள் கூடும். ஞானஸ்நானப் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றுக்குத் தனி வட்டு ஒன்றில் நகல் எடுத்து வையுங்கள். கருவியைத் திரும்ப வாங்கலாம். அவற்றை வாங்க முடியாது.

பிரியமானவர்களே, பக்கத்து வீட்டார் வாங்கினார்கள் என்பதற்காகக் கடன்படாதிருங்கள். குடும்பமாய் அமர்ந்து, தேவையை எழுதி, ஜெபித்து, சில மாதங்கள் சேமித்து வாங்குங்கள். மேற்சொன்ன சகோதரர் அப்படியே செய்தார். தவணையை முடித்தபின் பத்து மாதங்கள் பணம் சேர்த்து, செப்பனிடப்பட்ட மடிக்கணினி ஒன்றைக் கடனின்றி வாங்கினார். மகள் அதில்தான் பட்டப்படிப்பை முடித்தாள். கொஞ்சத்திலும் உண்மையாயிருக்கக் கர்த்தர் நமக்குக் கிருபை தருவாராக!