ரங்கூனில் ஒரே ஒரு கோல்

ஒரே ஒரு கோல், இருபது வருஷக் காத்திருப்பை முடித்து வைக்குமா? முடித்து வைத்திருக்கிறது, நேயர்களே!

நம் தாத்தா பாட்டி ரங்கூன் என்று சொன்ன ஊர், இன்றைய யாங்கோன். 2025 ஆகஸ்டில் அங்கே நடந்தது, இருபது வயதுக்குட்பட்ட பெண்களுக்கான ஆசியக் கோப்பைக் கால்பந்துத் தகுதிச் சுற்று. கடைசி ஆட்டத்தில் இந்தியாவுக்கு எதிரே மியான்மர். மைதானம் அவர்களுடையது, ஆரவாரமும் அவர்களுக்கே. முதல் பாதியில் பூஜா என்ற இளம் வீராங்கனை பந்தை வலைக்குள் தள்ளினார். அதற்குப் பிறகு மியான்மர் விடாமல் நெருக்கியது. நம் பெண்களோ அந்த ஒரு கோலைக் கடைசி விசில் வரை கட்டிக் காத்தார்கள். 2006க்குப் பிறகு இந்தியா மறுபடி இந்த வயதுப் பிரிவின் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது அப்படித்தான். கோல் போட்டதைவிட அதைக் காத்ததுதான் பெரிய காரியம் என்பேன்.

அப்படி ஒரு பூஜா நம் ஊரிலும் இருக்கலாம். கீழ்வேளூர்ப் பக்கம் உளுந்து எடுத்த வயலில் பையன்கள் பந்தாடும்போது, வரப்பில் நின்று பார்க்கிற தங்கச்சிகளையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்!