கஞ்சாவை விட முனைவோர்க்கு என்ன சிகிச்சை உண்டு?

“ஓர் ஊசி போட்டு நிறுத்திவிட முடியாதா, ஐயா?” செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து மகனையோ கணவரையோ அழைத்து வருவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது இதுவே. கஞ்சாச் சார்பைத் தீர்ப்பதற்கென ஏற்பளிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. ஆயினும் சிகிச்சை உண்டு. அதன் பெரும்பகுதி பேச்சினால் நிகழ்வது. அதனாலேயே பலர் அதைச் சிகிச்சையாக மதிப்பதில்லை.

‘மூலிகைதானே, அடிமைப்படுத்தாது’ என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. நடுவண் அரசுக்காக தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வோ, கஞ்சா, பாங்கு முதலியவற்றின் பயன்பாட்டால் உதவி தேவைப்படும் நிலையில் ஏறத்தாழ 72 லட்சம் பேர் இருப்பதாக மதிப்பிட்டது.

நாள்தோறும் புகைத்தவர் நிறுத்தியதும், ஓரிரு நாள்களில் எரிச்சல், பதற்றம், பசியின்மை, வியர்வை, உறக்கமின்மை ஆகியன தோன்றும். முதல் வாரத்தில் இவை மிகும். இரண்டு மூன்று வாரங்களில் தணியும். உறக்கக் குறையும் குழப்பமான கனவுகளும் மேலும் சில நாள் நீடிக்கலாம். ‘விட்ட பிறகுதான் இவன் மோசமாகிவிட்டான்’ என்று குடும்பத்தார் அஞ்சுவது இந்த நாள்களில்தான். அது நோய் முற்றுவதன் அடையாளம் அன்று. உடல் பழைய நிலைக்குத் திரும்பும் வழி. மதுவைத் திடீரென நிறுத்துவோருக்கு நேரக்கூடிய வலிப்பு போன்ற ஆபத்து இதில் பொதுவாக இல்லை. ஆகவே பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே புறநோயாளியாகச் சிகிச்சை பெறலாம். உறக்கத்திற்கோ பதற்றத்திற்கோ மருத்துவர் சில நாள்களுக்கு மருந்து தரக்கூடும். ஆனால் காதில் குரல் கேட்பதாகச் சொன்னாலும், காரணமின்றி வீட்டாரைச் சந்தேகித்தாலும், உயிரை விடுவதாகப் பேசினாலும் காத்திராமல் உடனே அழைத்து வர வேண்டும்.

பேச்சுச் சிகிச்சையில் ஆலோசகர் அறிவுரை கூறுவதில்லை. அதை வீட்டில் போதிய அளவு கேட்டிருப்பார். கஞ்சாவால் எதைப் பெற்றார், எதை இழந்தார் என்பதை அவர் வாயாலேயே சொல்லச் செய்து, விடுவதற்கான காரணம் அவருடையதாகவே உருவாக உதவுவது முதற்படி. பின்னர், கூலி கைக்கு வரும் மாலை, குறிப்பிட்ட நண்பர்கள், உறக்கம் வராத இரவு என ஆசை எழும் தருணங்களை அடையாளம் கண்டு, அவற்றை எவ்வாறு கடப்பது என்று பயிற்சி பெறுவார். அமெரிக்காவில் 450 பேரிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு அமர்வுகள் பெற்றோரைவிட ஒன்பது அமர்வுகள் பெற்றோர் தெளிவாகப் பயனடைந்தனர். எனினும் நான்காம் மாதத்தில் முற்றிலும் விட்டிருந்தோர் அவர்களிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவரே. பலர் முழுதும் விடாமல் அளவைக் குறைத்திருந்தனர். ஒருமுறை சறுக்கியவரைத் தோற்றவராகக் கருதி அடுத்த அமர்வுக்கு அனுப்பாமல் இருப்பது பெரும் பிழை.

நம் பகுதியில் கஞ்சாவைப் பெரும்பாலும் பீடி, சிகரெட் புகையிலையுடன் கலந்தே புகைக்கின்றனர். கஞ்சாவை விட்டவர் புகையிலைக்காகவும் தவிக்கலாம். இதை மருத்துவரிடம் கூறினால் இரண்டுக்கும் சேர்த்தே வழிசெய்யலாம்.

சிறுநீர்ப் பரிசோதனையைப் பற்றி ஒரு சொல். கஞ்சாவின் வேதிப்பொருள் உடற்கொழுப்பில் தங்குவதால், நெடுங்காலம் நாள்தோறும் புகைத்தவருக்கு நிறுத்திய பல வாரங்களுக்குப் பின்னும் பரிசோதனை ‘உண்டு’ எனக் காட்டலாம். அந்த ஒரு தாளைக் கொண்டு அவரைப் பொய்யர் என்று முடிவுகட்டி விடாதீர்கள்.

காவல்துறைக்கு அஞ்சி மருத்துவமனைக்கு வராதோரும் உளர். மருத்துவரிடம் உண்மையைச் சொல்வது வழக்கு ஆகாது. மேலும், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றஞ்சாட்டப்பட்ட சார்புடையவர், தாமாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற நிறுவனத்திலோ சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிடில் அவ்விலக்கு திரும்பப் பெறப்படலாம். கட்டிவைத்து அடிக்கும் உரிமமற்ற ‘மறுவாழ்வு இல்லங்களில்’ எவரையும் விடாதீர்கள். முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், புதுச்சேரியில் ஜிப்மரும் நமக்கு எட்டும் தொலைவில் உள்ளன. தொலைபேசியில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

முதன்முறை வரும்போது அவர் உட்கொள்ளும் மாத்திரைகளையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் எடுத்து வாருங்கள். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் வரலாம்.