விரல்நுனி அறிவியல் – 6: கொட்டாங்குச்சி பொம்மைக்குத் தலைமுடி

விதை, முளை, செடி, மரம் என்று நான்கு கட்டங்கள் போட்ட படம் ஒன்று பல மழலையர் வகுப்புச் சுவர்களில் தொங்குகிறது. பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பிக்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதில் நோண்டிப் பார்க்க என்ன இருக்கிறது? நோண்டினால்தானே அந்த வயதில் எதுவும் மனசில் தங்கும்! அதனால் இந்த வாரம் கொட்டாங்குச்சி பொம்மை.

தேங்காய் துருவியதும், கண்கள் உள்ள மூடியை எடுத்து வையுங்கள். நாரைச் சுரண்டிவிட்டுப் பிள்ளைகள் கையில் கொடுத்து, மூன்று கண்களையும் விரலால் அழுத்தச் சொல்லுங்கள். இரண்டு கல்லாக இருக்கும். ஒன்று மட்டும் குச்சியால் குத்தினாலே திறந்துகொள்ளும். நம் பொம்மைக்குத் தண்ணீர் வடியும் துளை அதுதான். ஏன் ஒரு கண் மட்டும் மெத்தென்று இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். கேள்வி சில நாள் கிடக்கட்டும்.

ஓட்டின் வெளிப்பக்கத்தில் வண்ணத்தாள் ஒட்டிக் கண், மூக்கு, மீசை வைப்பது பிள்ளைகள் பாடு. உருளாமல் நிற்க அடியில் ஒரு பழைய வளையல் போதும். உள்ளே மண் வேண்டாம், நனைத்த பஞ்சை நிரப்புங்கள். அதன்மேல் ஓர் இரவு ஊறிய வெந்தயத்தைத் தூவினால் இரண்டொரு நாளில் முளைவிட்டு, அடுத்த சில நாட்களில் தலைமுடி வந்துவிடும். சாகுபடிக்கென்று கடையில் விற்கும் சாயமேறிய விதை மட்டும் கூடாது. அதில் பூச்சிமருந்து கலந்திருக்கும். ஆமணக்கும் குன்றிமணியும் விஷம், பிள்ளைகள் கைக்கே போகக் கூடாது.

வெந்தயத்தோடு கொஞ்சம் கறுப்புக் கொண்டைக்கடலையும் ஊறப்போடுங்கள். பாடமே அதில்தான் இருக்கிறது. காலையில் ஊறியதையும் ஊறாததையும் இரண்டு உள்ளங்கையிலும் வைத்துப் பார்க்கட்டும். ஊறியதன் ஈரத்தைத் துடைத்துவிட்டு மெல்ல நசுக்கினால், அதன் கூர்மூக்குப் பக்கம் பொட்டுப்போன்ற துளையிலிருந்து நீர் கசியும். தோலை உரித்து, இரண்டு பருப்பையும் பிளந்து காட்டுங்கள். நடுவே வெளிறிய சின்னஞ்சிறு முளைக்கரு ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியே மூக்காகத் தெரிந்தது அதன் வேர்முனை. மறுமுனையில் இருப்பது இலையாகப் போகும் குருத்து. செடி ஏற்கெனவே உள்ளே படுத்திருக்கிறது என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். முதலில் வெளியே வருவது இலை இல்லை, வேர் என்பதையும் இரண்டு நாளில் கண்ணால் பார்த்துவிடுவார்கள்.

கூடுதலாக மூன்று பொம்மை செய்யுங்கள். ஒன்றில் காய்ந்த பஞ்சில் ஊறாத விதை. அது வழுக்கையாகவே இருக்கும். இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றி அலமாரிக்குள் வையுங்கள். அதுவும் முளைக்கும், முடி வெளிறி, நெடுநெடுவென்று நீளும். இருட்டில் வைத்து வளர்க்கும் முளைப்பாரியின் மஞ்சள் நிறமும் இப்படி வருவதுதான். மூன்றாவது பொம்மை நோண்டுவதற்கென்றே. முளைத்ததா என்று பிள்ளை தினமும் பிடுங்கிப் பார்க்கும், பார்க்கட்டும். செடி வளர்க்கும் பிள்ளை பொறுமையாகக் காத்திருக்கப் பழகும் என்று எழுதியவர் மரியா மாண்டிசோரி. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். என் எண்ணம், இந்தப் பொறுமையை அதட்டி வரவழைக்க முடியாது. பிடுங்கிய முளை வாடுவதையும் விட்டுவைத்தது வளர்வதையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் தானாக வரும். பொம்மைக்குப் போட்டி, பரிசு, மதிப்பெண் எதுவும் வேண்டவே வேண்டாம். முளைக்காத விதைக்காக ஒரு பிள்ளை அழக் கூடாது.

மண்ணே இல்லாத பஞ்சில் செடிக்கு யார் சோறு போட்டது? வெந்தயத்தின் இரண்டு பருப்பும்தான். அந்தக் கையிருப்பு தீர்ந்ததும் செடி துவளும். அதற்குள் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

இப்போது கொட்டாங்குச்சியின் கண்ணுக்கு வரலாம். பொம்மையின் தலையே ஒரு விதையின் ஓடுதான். தென்னங்குருத்து வெளியே வரும் வாசல் அந்த மெத்தென்ற கண். அந்தச் சமயத்தில் ஓட்டுக்குள் பஞ்சுபோல் வளர்ந்து, தேங்காயின் நீரையும் பருப்பையும் உறிஞ்சிக் குருத்துக்கு ஊட்டுவதைத்தான் தேங்காய்ப்பூ என்று தள்ளுவண்டியில் வாங்கித் தின்கிறோம்.

உங்கள் வீட்டில் முளைவிட்ட தேங்காய் ஏதாவது கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். பக்கத்து அங்கன்வாடிக்குக் கொடுத்து, பிள்ளைகள் முன்னால் உடைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

(தொடரும்)