குதிரையின் வயிறு ஏன் காலி?

எட்டாம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "அய்யனார் கோயில் குதிரை அவ்வளவு பெருசா இருக்கே டீச்சர், அதைச் சூளைக்குள்ள எப்படி நுழைச்சாங்க?" பதில் தெரியாததால், அடுத்து வந்த விடுமுறைச் சனிக்கிழமையை அதற்கே ஒதுக்கினேன்.

    காலையில் புதுக்கோட்டையில் அறந்தாங்கி பஸ் ஏறி, வழியில் மண்குதிரை செய்யும் வேளார் தெரு ஒன்றில் இறங்கினேன்.

திண்ணையில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். பெரியவர் வேலையை நிறுத்தாமலே பேசினார். "நுழைக்கிறது எங்க டீச்சரம்மா? குதிரை நிக்கிற இடந்தான் சூளை." சின்னக் குதிரைகள் சூளைக்குப் போகும். பெரியதை நின்ற இடத்திலேயே வைக்கோல், வறட்டி, விறகால் மூடி, மேலே மண் பூசித் தீ வைப்பார்கள். வேகும்வரைதான் அந்தச் சூளை; பிறகு பிரித்துவிடுவார்கள்.

குதிரைக்குள் ஒன்றும் கிடையாது. கெட்டியாகச் செய்தால் மேல்மண் காய்ந்து சுருங்கும்போது உள்மண் ஈரமாகவே இருக்கும், விரிசல் விடும். அப்படியே தீயில் வைத்தால் உள்ளே சிக்கிய நீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் வெடிக்கும். அதனால் முதலில் நாலு கால்களும் நாலு குழாய்களாக எழும்புகின்றன. மண்ணைத் திரித்து வளையம் வளையமாக ஏற்றுகிறார். இடது கை குழாய்க்குள் ஒரு உருண்டைக் கல்லோடு இருக்கிறது, வலது கை வெளியே பலகையால் தட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் மண் இறுகி, ஒரே கனத்துக்கு வருகிறது. கீழ்ச்சுற்று கொஞ்சம் காய்ந்தால்தான் மேல்சுற்றைத் தாங்கும். அவசரப்பட்டால் கால் உட்கார்ந்துவிடும்.

கண்மாய் மண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதிக்கிறார்கள். உமி தீயில் எரிந்துபோய்ச் சின்னச் சின்னத் துளைகளை விட்டுச் செல்லும். ஆவிக்கு அதுவும் ஒரு வழி.

ஜப்பானிலும் இதே கணக்குத்தான். கி.பி. 3 முதல் 6ஆம் நூற்றாண்டு வரை, அங்கே தலைவர்களின் புதைமேடுகளைச் சுற்றிச் சுடுமண் உருவங்களை நிறுத்தினார்கள். அவற்றில் குழாய்க் கால்களோடு, சேணம் பூட்டிய குதிரைகளும் உண்டு. 'ஹனிவா' என்று பெயர். மண் வளையம் என்று பொருள். நம் வேளாரை யாரும் அங்கே அழைத்துப் போகவில்லை. மண்ணின் குணம் ஒன்றாக இருந்ததால் இரண்டு ஊர்க் கைகளும் ஒரே வழியைக் கண்டுபிடித்தன என்றே நினைக்கிறேன்.

ஒரு வித்தியாசம் உண்டு. ஹனிவா இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. நம் குதிரைக்கு இன்னும் வேலை இருக்கிறது. ஊரார் ஒரு பிடி மண்ணை எடுத்துப் 'பிடிமண்' என்று கொடுத்தால்தான் வேளார் மண்ணில் கை வைப்பார். புரவி எடுப்புத் திருவிழா அன்று ஊரே குதிரையைச் சுமந்துபோய் அய்யனாரிடம் விடும். அதன் பிறகு மழையும் வெயிலும்தான் அதற்குக் காவல். பழையது உடைந்து விழ, பக்கத்திலேயே புதியது வந்து நிற்கும். உடைவதால்தான் அடுத்த பிடிமண் வருகிறது, பேரனும் தொழில் பழகுகிறான். இதை அழிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிளம்பும்போது பெரியவர் ஒரு உடைந்த குதிரைக் காதைக் கொடுத்தார். உடைந்த விளிம்பு முழுக்க நெல் உமியின் அச்சு. திங்கட்கிழமை அதை அந்தப் பையன் கையில் வைத்தேன். பெஞ்சில் உட்கார்ந்து, நகத்தால் ஒவ்வொரு குழியாக எண்ண ஆரம்பித்தான்.